சீரம் புரத எலக்ட்ரோபோரெசிஸ்: சீட்டு வாங்குவது முதல் வரைபடம் படிப்பது வரை

என் அம்மாவுக்கு வயது 67. 2024 ஆகஸ்டில் அவருடைய ஹீமோகுளோபின் 9.2 என்றும் ரத்தத்தில் மொத்தப் புரதம் 8.6 என்றும் வந்தபோது, எங்கள் பகுதி மருத்துவர் ஒரு சிறிய சீட்டில் "எலக்ட்ரோபோரெசிஸ்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்த ஒற்றைச் சொல்லை நம்பிக் கடலூரில் ஒரு லேபில் பணம் கட்டி, நான்கு நாள் காத்திருந்து, எங்களுக்குத் தேவையே இல்லாத வேறொரு பரிசோதனையின் முடிவை வாங்கிக்கொண்டு வந்தோம். அதன் பிறகு புதுச்சேரிக்கு மூன்று முறை அலைந்துதான் சரியான தாள் கைக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால், கருவி எங்கேயும் பிழை செய்யவில்லை. சீட்டிலும் குழாயிலும் ஃபைலிலும்தான் எல்லாப் பிழைகளும் நடந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நோயாளியின் வீட்டார் கவனித்தாலே தவிர்க்கக்கூடியவை என்பதால், கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் முதன்முறையாக இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவரின் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

1. சீட்டில் முழுப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

எலக்ட்ரோபோரெசிஸ் என்பது மின்சாரத்தைச் செலுத்திப் பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறையின் பெயரே தவிர, ஒரு குறிப்பிட்ட பரிசோதனையின் பெயர் அன்று. ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸ் என்று ஒன்று உண்டு. அது தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்ற பரம்பரை ரத்த நோய்களைக் கண்டறிவதற்கானது. ரத்தம் உறைந்த பின் பிரிந்து நிற்கும் நீரான சீரத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சீரம் புரத எலக்ட்ரோபோரெசிஸ் வேறு. சிறுநீர்ப் புரத எலக்ட்ரோபோரெசிஸ் வேறு. ரத்தசோகை உள்ள ஒருவர் வெறுமனே "எலக்ட்ரோபோரெசிஸ்" என்று எழுதிய சீட்டோடு வந்து நின்றால், லேபில் இருப்பவர் முதலாவதைத்தான் நினைப்பார். எங்களுக்கு நடந்தது அதுதான். 850 ரூபாய் கட்டி வாங்கிய ரிப்போர்ட்டில் "ஹீமோகுளோபின் ஏ, ஏ2, எஃப்" என்று மூன்று வரிகள் இருந்தன. எல்லாம் இயல்பாக இருப்பதாகக் கண்டு வீட்டில் எல்லோரும் மகிழ்ந்து, கேசரி கூடச் செய்து சாப்பிட்டோம். மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "நான் கேட்டது இது இல்லையே" என்றார்.

இரண்டாவதாகப் போன இடத்தில், ரத்தம் எடுக்கும் பெண் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, எதுன்னு போடலையே. ஹீமோகுளோபினா, புரோட்டீனா? டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க, அப்புறம் எடுக்கிறேன்" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆகவே, மருத்துவரின் அறையை விட்டு வெளியே வரும் முன்பே "சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரெசிஸ்" என்ற முழுப்பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். லேபின் விலைப்பட்டியலில் இதையே எஸ்.பி.இ.பி. என்று சுருக்கியிருப்பார்கள். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொன்று, "மொத்தப் புரதம், ஆல்புமின், ஏ/ஜி விகிதம்" என்ற சாதாரணப் பரிசோதனை. அது இதற்கு முந்தைய படி. இதன் இடத்தை அது நிரப்பாது.

2. எதற்காக எழுதினார் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்

நமது ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஆல்புமின் என்ற ஒரு புரதமும், குளோபுலின் என்று பொதுப்பெயரிட்டு அழைக்கப்படும் பல புரதங்களும் கரைந்திருக்கின்றன. ஆல்புமினைக் கல்லீரல் தயாரிக்கிறது. நோயெதிர்ப்புப் புரதங்கள் குளோபுலின் பகுதியில் அடங்கும். வழக்கமாக ஆல்புமின்தான் அதிகமாக இருக்கும். என் அம்மாவுக்கு ஆல்புமின் 3.9, குளோபுலின் 4.7 என்று தலைகீழாக இருந்ததால், கூடியிருக்கும் குளோபுலின் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய மருத்துவர் விரும்பினார்.

காரணம் தெரியாத ரத்தசோகை, நாள்பட்ட முதுகுவலி அல்லது எலும்பு முறிவு, ஏறிவரும் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு), கூடுதலான கால்சியம், மூன்று இலக்கத்தைத் தொடும் இ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்), கை கால் மரத்துப்போதல், அடிக்கடி வரும் நிமோனியா போன்றவற்றுக்கும் இந்தப் பரிசோதனையை எழுதுவார்கள். "புற்றுநோய் என்று சந்தேகப்படுகிறாரோ" என்று வழி நெடுக மருகுவதைவிட, அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. கூடவே இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: இதில் சந்தேகத்துக்குரிய பட்டை (ஒரே வகைப் புரதம் குவிந்த இடம்) தெரிந்தால், அது எந்த வகைப் புரதம் என்று காட்டும் இம்யூனோஃபிக்சேஷனையும் அதே மாதிரியிலேயே செய்யச் சொல்லலாமா? ஆம் என்றால் அதையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லேபில் மாதிரியைச் சில நாள்தான் வைத்திருப்பார்கள். அதன் பிறகு போனால் மறுபடியும் ஊசி, மறுபடியும் பேருந்து.

3. ஃபைலைத் தயார் செய்யுங்கள்

சாதாரணப் பிளாஸ்டிக் ஃபைல் போதும்; ஆனால் தாள்கள் தேதி வாரியாக இருக்க வேண்டும். கடந்த ஓராண்டின் ரத்தப் பரிசோதனைகள், குறிப்பாக ஹீமோகுளோபின், கிரியேட்டினின், கால்சியம், மொத்தப் புரதம், ஆல்புமின் ஆகியவற்றின் தாள்களை மேலே வையுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்திருந்தால் படத்தோடு அறிக்கையையும் சேர்த்து வையுங்கள். நோயாளி சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிய வலிமாத்திரைகளும், நாட்டு மருந்துகளும் அதில் இருக்கட்டும். என் அம்மா முழங்கால் வலிக்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கிய மாத்திரையை நாங்கள் எழுதவில்லை, ஏனென்றால் அதை ஒரு மருந்தாகவே நாங்கள் கருதவில்லை. பின்னால் அதுதான் பெரிய விஷயமாக வந்து நின்றது.

அரசு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் நோயாளியின் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ், முதல் மருத்துவர் எழுதிய பரிந்துரைக் கடிதம் ஆகியவை வேண்டும். பரிந்துரைக் கடிதம் இல்லாமலும் பார்ப்பார்கள் என்றாலும், அது இருந்தால் எந்தத் துறைக்கு அனுப்புவது என்ற கேள்வி வாசலிலேயே தீர்ந்துவிடும்.

4. எங்கே கொடுப்பது, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் பிடிக்கும்

கடலூரில் நான் விசாரித்த தனியார் லேப்கள் எல்லாம் ரத்தத்தை இங்கே எடுத்து, சென்னையிலோ வேறு ஊரிலோ இருக்கும் தங்கள் பெரிய லேபுக்கு அனுப்பிவைப்பவையாக இருந்தன. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்து அனுப்பினால் சில நாள் வரை கெடாது. கேட்க வேண்டியது, "இங்கேயே சீரத்தைப் பிரித்து அனுப்புவீர்களா, எந்தக் கிழமையில் இந்தப் பரிசோதனையைச் செய்வார்கள்?" என்பதுதான். சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளைப் போல இதை ஒவ்வொருவருக்காகவும் உடனுக்குடன் செய்வதில்லை. மாதிரிகளைச் சேர்த்துவைத்து, வாரத்தில் சில நாள்களில் மொத்தமாகச் செய்கிறார்கள். சனிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுவதும் ரத்தம் குளிர்பெட்டியில் உறங்கும். திங்கள் அல்லது செவ்வாய்க் காலையில் கொடுப்பது உத்தமம்.

எங்களிடம் இருக்கும் ரசீதுகளின்படி, சீரம் எலக்ட்ரோபோரெசிஸுக்கு 900 ரூபாயும், பிறகு செய்த இம்யூனோஃபிக்சேஷனுக்கு 4,200 ரூபாயும், ஃப்ரீ லைட் செயின் என்ற மற்றொரு பரிசோதனைக்கு 4,800 ரூபாயும் ஆயின. லேபுக்கு லேப் இந்தத் தொகை நிறையவே மாறுகிறது. ஆகவே முன்கூட்டியே மூன்று இடத்திலாவது தொலைபேசியில் கேளுங்கள். முதல் பரிசோதனை நூறுகளில் முடியும், அடுத்தவை ஆயிரங்களில் போகும் என்ற கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். சில இடங்களில் மூன்றையும் சேர்த்து ஒரு தொகுப்பாக விற்கிறார்கள். மருத்துவர் மூன்றையும் கேட்டிருந்தால் மட்டுமே அது ஆதாயம்.

புதுச்சேரியில் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கோ, கதிர்காமத்திலுள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ செல்லலாம். கடலூரிலிருந்து புதுச்சேரிப் பேருந்து நிலையம் இருபது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். அங்கிருந்து கோரிமேட்டுக்கு நகரப் பேருந்து உண்டு. வெளிநோயாளி பதிவு காலையில்தான் என்பதால் விடியற்காலையிலேயே கடலூரிலிருந்து கிளம்பிவிட வேண்டும். ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம். அதன் விடுமுறைகளும் மத்திய அரசின் விடுமுறைகளே. தமிழ்நாட்டு நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டு, மூடிய பதிவுக் கவுன்ட்டரின் முன்னால் நின்றவர்களில் நானும் ஒருவன். அரசு மருத்துவமனையில் ஒரே நாளில் சீட்டு, மருத்துவர், ரத்தம் மூன்றும் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு வருகைக்காவது மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

காப்பீடு குறித்து ஒரு வார்த்தை. பெரும்பாலான தனியார் காப்பீடுகள் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பரிசோதனைச் செலவைத் தருகின்றன. காப்பீடு இல்லாத, 60 வயது கடந்த பெற்றோருக்குச் செலவு செய்பவர்கள் பழைய வருமானவரி முறையில் கணக்குக் காட்டுவதாக இருந்தால், அந்த மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. நான் முதல் இரண்டு ரசீதுகளுக்கும் ரொக்கமே கொடுத்துவிட்டேன்.

5. ரத்தம் கொடுக்கும் நாளில்

இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு பொதுவாகக் கட்டாயம் இல்லை. ஆனாலும் கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பிறகு சீரம் கலங்கலாக இருக்கும் என்பதால், சில லேப்களில் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். தேவையில்லாமல் பட்டினி கிடந்து மயங்கி விழ வேண்டியதில்லை.

நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டியது குழாயின் மூடியை. சிவப்பு மூடியோ, அடியில் பசை போன்ற பொருள் உள்ள மஞ்சள் மூடியோ சரி. அவற்றில் ரத்தம் உறைந்து, மேலே சீரம் பிரிந்து நிற்கும். ஊதா மூடி என்றால் அது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கலந்த குழாய். ஹீமோகுளோபின் பரிசோதனைகளுக்கு உரியது. எங்கள் முதல் லேபில் ஒரே ஒரு ஊதா மூடிக் குழாயில்தான் ரத்தம் எடுத்தார்கள். அப்போது தெரிந்திருந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்டிருப்பேன். உறையாத ரத்தத்திலிருந்து பிரித்த நீரை இந்தப் பரிசோதனைக்குப் பயன்படுத்தினால், ரத்தத்தை உறையச்செய்யும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் அதில் மிஞ்சி நின்று, வரைபடத்தில் பீட்டா, காமா என்னும் பகுதிகளுக்கு நடுவில் ஒரு பொய்ப் பட்டையைக் காட்டும். அந்தப் பொய்ப் பட்டையைக் கண்டு அடுத்த ஆயிரங்களைச் செலவிட நேரலாம்.

ஹெப்பாரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். அப்போதும் ரத்தம் சரியாக உறையாமல் இதே சிக்கல் வரலாம். சி.டி. ஸ்கேனுக்காக நரம்பில் சாயமருந்து ஏற்றியிருந்தால், உடனே இந்த ரத்தத்தைக் கொடுக்காமல் மருத்துவரைக் கேட்டு இடைவெளி விடுங்கள். சிலவகைக் கருவிகளில் அந்த மருந்தும் ஒரு பட்டையைப் போலத் தோன்றும். ஏற்கெனவே மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய்) சிகிச்சையில் டாராடுமுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அந்த மருந்தே ஒரு நோயெதிர்ப்புப் புரதம் என்பதால், அதுவும் பட்டையாகத் தெரியக்கூடும். நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் இளஞ்சிவப்பாகிவிட்டால், மறுபடி கொடுக்கச் சொல்வார்கள், சலித்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுங்கள்.

6. சிறுநீரும் கேட்டிருந்தால்

எல்லோருக்கும் இது தேவைப்படாது. கேட்டிருந்தால், 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கும் முறை இது: காலை ஆறு மணிக்கு எழுந்து கழிக்கும் முதல் சிறுநீரைக் கழிவறையிலேயே விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு கழிப்பதையெல்லாம், இரவில் எழுந்து போவதையும் விடாமல், லேபில் தந்த கேனில் சேர்க்க வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கழிப்பதையும் சேர்த்த பிறகுதான் கேனை மூட வேண்டும். பெரும்பாலானோர் முதல் நாள் முதல் சிறுநீரையும் சேர்த்துவிடுகிறார்கள். கணக்கு அங்கே கெட்டுப்போகிறது. நம் ஊர் வெயிலுக்குக் கேனை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைப்பது நல்லது.

சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் "புரதம் இல்லை" என்று வந்திருக்கிறதே, பிறகு இது எதற்கு என்று நானும் கேட்டேன். நிறம் மாறும் அந்தக் குச்சி முக்கியமாக ஆல்புமினைத்தான் காட்டும். மைலோமாவில் சிறுநீரில் வரும், நோயெதிர்ப்புப் புரதத்தின் துண்டான பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தை அது கோட்டைவிட்டுவிடும்.

7. ரிப்போர்ட் வாங்கும்போது வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்

இந்தப் பரிசோதனையின் உயிர் வரைபடத்தில் இருக்கிறது. எங்களுக்கு முதலில் வாட்ஸ்அப்பில் வந்தது எண்கள் மட்டுமே கொண்ட ஒரு பக்கம். அதை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனபோது, ரத்தநோய் மருத்துவர் தாளைத் திருப்பிப் பார்த்து, "கிராஃப் எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றதும் அடுத்த வாரம் வரச் சொன்னார். ஒரு பக்கத்தை அச்சடிக்க விட்டுப்போனதற்கு ஒரு நாள் சம்பளமும் போக்குவரத்தும் செலவு.

வரைபடம், ஒவ்வொரு பகுதியின் சதவீதம், அதே பகுதியின் கிராம் அளவு, மருத்துவர் கையெழுத்திட்ட கருத்து ஆகிய நான்கும் தாளில் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட்டு நகருங்கள். எந்த முறையில், ஜெல்லிலா நுண்குழாயிலா, செய்தார்கள் என்பதும் இருந்தால் பின்னாளில் உதவும்.

8. வரைபடத்தைப் படிப்பது

சீரத்தை ஜெல் பரப்பில் வைத்து, காரத்தன்மை கொண்ட கரைசலில் மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். அந்தக் கரைசலில் புரதங்கள் எதிர்மின்னேற்றம் பெற்று நேர்முனையை நோக்கி ஓடுகின்றன. ஆல்புமின் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடிவிடும். நோயெதிர்ப்புப் புரதங்கள் கடைசியில் தங்கிவிடும். ஓட்டம் முடிந்ததும் யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைக் கோட்டுப்படமாக மாற்றினால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் வரைபடம். நுண்குழாய் முறையிலும் முடிவு இதே போன்ற கோடுதான்.

இடப்பக்கம் உயர்ந்து ஒடுங்கி நிற்பது ஆல்புமின். அதற்கு அடுத்து, தட்டுத் தடுமாறி எழும் மிகச் சிறிய மேடு ஆல்ஃபா-1. அடுத்தது ஆல்ஃபா-2. அதற்கடுத்த பீட்டா, பல வரைபடங்களில் பீட்டா-1, பீட்டா-2 என்று இரட்டை மேடாகத் தெரியும். வலப்பக்கக் கடைசியில், தாழ்வாகவும் அகலமாகவும் பரந்து கிடப்பது காமா. என் அம்மாவின் தாளில் இருந்த எண்களை அப்படியே தருகிறேன். கிராம் என்பது ஒரு டெசிலிட்டருக்கான அளவு.

ஆல்புமின்: 45.3 சதவீதம், 3.90 கிராம்
ஆல்ஃபா-1: 3.5 சதவீதம், 0.30 கிராம்
ஆல்ஃபா-2: 9.3 சதவீதம், 0.80 கிராம்
பீட்டா: 16.3 சதவீதம், 1.40 கிராம்
காமா: 25.6 சதவீதம், 2.20 கிராம்
மொத்தப் புரதம்: 8.60 கிராம்

முதல் பாடம்: சதவீதத்தைப் பார்த்துப் பதறாதீர்கள், கிராமைப் பாருங்கள். ஆல்புமின் சதவீதம் குறைவு என்ற குறி அம்மாவின் தாளில் தடித்த எழுத்தில் இருந்தது. கிராமில் பார்த்தால் 3.90, அதாவது வழக்கமான 3.5 முதல் 5.0 வரையிலான எல்லைக்குள்தான் இருக்கிறது. வேறொன்று கூடியதால் அதன் பங்கு சிறுத்துத் தெரிந்திருக்கிறது. கிராம் தரப்படவில்லை என்றால் நீங்களே கணக்கிடலாம்: மொத்தப் புரதத்தைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் வந்துவிடும். எல்லை அளவுகள் லேபுக்கு லேப் மாறும். உங்கள் தாளில் அச்சிட்டிருப்பதையே கொள்ளுங்கள்.

இரண்டாவது, அளவைவிட வடிவத்தைக் கவனியுங்கள். காமா பகுதி உயர்ந்திருந்தாலும், அது தேவனாம்பட்டினம் கடற்கரையின் மணல்மேட்டைப் போல அகன்று வழவழப்பாக எழுந்து இறங்கினால், பலவகை நோயெதிர்ப்புப் புரதங்கள் சேர்ந்து கூடியிருக்கின்றன என்று பொருள். நாள்பட்ட தொற்று, கல்லீரல் நோய், முடக்குவாதம், லூபஸ் போன்றவற்றில் இப்படி வரும். கல்லீரல் சுருங்கிய நிலையில் பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவிலுள்ள பள்ளம் தூர்ந்து இரண்டும் ஒரே மேடாகிவிடுவதும் உண்டு. அதற்கு மாறாக, அந்த மணல்மேட்டின் மீது கலங்கரை விளக்கத்தை நட்டுவைத்ததுபோல ஒடுங்கிய ஒரு கூர்முனை செங்குத்தாக எழுந்தால், அதைத்தான் எம் பேண்ட் அல்லது எம் ஸ்பைக் என்கிறார்கள். நோயெதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும் பிளாஸ்மா செல் ஒன்றின் வழிவந்த செல்கள் அச்சில் வார்த்ததுபோல ஒரே வகைப் புரதத்தைக் கொட்டுகின்றன என்பதற்கு அது அடையாளம். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. அம்மாவின் வரைபடத்தில் அப்படி ஒரு முனை, விரலால் கிள்ளி உயர்த்தியதுபோல, காமாவின் நடுவில் இருந்தது. அதன் அளவு 1.3 கிராம் என்று தனியாகக் குறித்திருந்தார்கள். முனை எப்போதும் காமாவில்தான் வரும் என்றும் இல்லை, நோயெதிர்ப்புப் புரதங்களில் ஐ.ஜி.ஏ. என்ற வகை பல நேரங்களில் பீட்டாவுக்குள் ஒளிந்துகொள்ளும்.

மற்ற பகுதிகளும் பேசும். ஆல்புமின் கிராமிலும் சரிந்து, ஆல்ஃபா-2 மட்டும் ஓங்கியிருந்தால் சிறுநீரகத்தின் வழியே புரதம் ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2 இரண்டும் கூடியிருந்தால் உடலில் எங்கோ அழற்சி இருக்கலாம். காய்ச்சலோடு போய் ரத்தம் கொடுத்தாலும் அப்படி வரும். காமா வழித்துவிட்டதுபோலத் தட்டையாக இருந்தால் அதுவும் இயல்பன்று, நோயெதிர்ப்புப் புரதம் குறைவு என்று பொருள். பீட்டா பகுதியில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் இருக்கிறது. உடலில் இரும்பு குறையும்போது இது கூடும். அம்மாவின் பீட்டா 1.40 என்று சற்றே உயர்ந்திருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மருத்துவர்தான் அதில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்கச் சொன்னார். அது 8 என்று வந்தது.

9. எம் பேண்ட் என்று எழுதியிருந்தால்

அன்று இரவு கைப்பேசியில் தேடாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் கேட்கவில்லை. தேடுகிறவர்கள் இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்: எம் பேண்ட் இருப்பதும் மைலோமா என்னும் புற்றுநோய் இருப்பதும் ஒன்றல்ல. எம் புரதம் 3 கிராமுக்குக் குறைவாகவும், எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குக் குறைவாகவும், உறுப்புகளுக்கு அதனால் பாதிப்பு இல்லாமலும் இருந்தால் அந்த நிலைக்கு எம்.ஜி.யு.எஸ். என்று பெயர். வயதானவர்களிடம் இது அரிதன்று. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இத்தகையவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவில்தான் மைலோமா போன்ற நோய்க்கு நகர்கிறார்கள்.

பாதிப்பு உண்டா என்று பார்க்க மருத்துவர் நான்கை அளப்பார்: கால்சியம் 11 மில்லிகிராமைத் தாண்டுகிறதா, கிரியேட்டினின் 2 மில்லிகிராமைத் தாண்டுகிறதா, ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, எலும்பில் அரிப்பு உண்டா. அம்மாவின் ஹீமோகுளோபின் 9.2 என்பதால்தான் எங்களுக்குத் தூக்கம் போயிற்று. இந்தக் கணக்கில் சேர, ரத்தசோகை அந்தப் பிளாஸ்மா செல்களால் வந்ததாக இருக்க வேண்டும். இரும்புக் குறைவால் வந்தது சேராது.

அடுத்த படிகள் இவை. எந்த வகைப் புரதம் என்று அறிய இம்யூனோஃபிக்சேஷன். அதில் நோயெதிர்ப்புப் புரதத்தின் வகைகளான ஜி, ஏ, எம், அதன் துண்டுகளான கப்பா, லாம்டா என்று தனித்தனி வரிசைகள் இருக்கும், அம்மாவுக்கு ஜி-யிலும் கப்பாவிலும் நேர்நேராகக் கோடு விழுந்திருந்தது. பிறகு ஃப்ரீ லைட் செயின். பரவலாகப் பயன்படும் முறையில் கப்பாவுக்கும் லாம்டாவுக்குமான விகிதம் 0.26 முதல் 1.65 வரை இயல்பு, சிறுநீரகம் குன்றியவர்களுக்கு அந்த எல்லை வேறு. மஜ்ஜைப் பரிசோதனையும் முழு எலும்புக்கான ஸ்கேனும் எல்லோருக்கும் உடனே தேவைப்படுவதில்லை. எங்கள் மருத்துவர் விகிதம் இயல்பாக இருந்ததையும், எம் புரதம் 1.5-க்குக் குறைவு என்பதையும், இரும்புக் குறைவு தெளிவாகத் தெரிந்ததையும் வைத்து, முதலில் இரும்புக்குச் சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம் என்றார். இரும்பு ஏன் குறைந்தது என்று எண்டோஸ்கோப்பி செய்தபோது வயிற்றில் புண் இருந்தது. முழங்காலுக்காகச் சாப்பிட்ட அந்த வலிமாத்திரைதான் காரணம் என்றார்கள். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8-க்கு ஏறியது.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. எம் பேண்ட் தெரிந்தவர்கள் முதுகுவலிக்கோ மூட்டுவலிக்கோ டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. மைலோமா இருக்குமானால் சிறுநீரகம் ஏற்கெனவே சுமையில் இருக்கும். இந்த மாத்திரைகள் அதை முறித்துவிடலாம்.

10. எம் பேண்ட் இல்லை என்று வந்தால்

பெரும்பாலும் நல்ல செய்திதான். ஆனாலும் மைலோமா நோயாளிகளில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதத்தினருக்கு நோய்ச் செல்கள் முழுப் புரதத்தைச் செய்யாமல் லைட் செயின் என்ற துண்டை மட்டும் செய்கின்றன. அது சிறுநீரில் வெளியேறிவிடுவதால் சீரத்தின் வரைபடத்தில் முனை தெரியாமலே போகலாம், காமா மட்டும் குறைந்திருக்கலாம். ஆகவே, வரைபடம் சுத்தமாக இருந்தும் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனாலோ, எலும்புவலி விடாமல் இருந்தாலோ, "ஃப்ரீ லைட் செயின் பார்க்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதற்கு எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

11. அடுத்த தேதி

எம்.ஜி.யு.எஸ். என்றால் வழக்கமாக ஆறு மாதத்தில் ஒருமுறையும், அது மாறாமல் இருந்தால் அதற்குப் பிறகு நீண்ட இடைவெளியிலும் பார்க்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் அதே லேபில், அதே முறையில் செய்யுங்கள். ஜெல்லில் 1.3 என்று வந்தது இன்னோர் இடத்தில் நுண்குழாயில் 1.5 என்று வந்தால், நோய் வளர்ந்ததா, கருவி மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஐம்பது ரூபாய் தள்ளுபடிக்காக லேபை மாற்றுவது இந்தப் பரிசோதனைக்கு ஆகாது. பழைய வரைபடத்தையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அச்சுத் தாள் நாளடைவில் மங்கிவிடுவதால் கைப்பேசியிலும் ஒரு படம் இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் ஃபைலின் உள்பக்க அட்டையில் ஒரு சிறு அட்டவணை ஒட்டியிருக்கிறோம்: தேதி, எம் புரதம், ஹீமோகுளோபின், கிரியேட்டினின், கால்சியம் என்று ஐந்தே கட்டங்கள். 2025 மார்ச்சில் எடுத்தபோது எம் புரதம் 1.3, ஹீமோகுளோபின் 12.1. அந்த வரியை அம்மாவே தன் கையால் எழுதினார்.